பத்து என்ற எண்

மாலை வகுப்புக்குப் பேருந்தில் போகும்போதுதான் எனக்கு நன்றாக யோசனை ஓடும். ஜன்னலோரம் இடம் கிடைத்தால் இன்னும் நல்லது. நீங்கள் கேட்கிற விஷயத்தையும் அப்படி ஒரு பயணத்தில்தான் கண்டுபிடித்தேன்.

மருத்துவமனையில் கருவிகளைப் பராமரிக்கும் அறையில் நான் உதவியாளர். நரம்பில் மருந்து ஏற்றும் பம்புகள் எங்கள் பொறுப்பு. எந்த மருந்தை மணிக்கு எத்தனை மில்லிக்கு மேல் ஏற்றக்கூடாது என்ற உச்ச அளவுகள் பம்புக்குள் ஒரு பைனரி கோப்பாக இருக்கும். பெயர் கிடையாது, இடைவெளி கிடையாது. ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு வெறும் எண்கள். முதல் எண் முதல் மருந்துக்கு, அடுத்தது அடுத்ததற்கு. இடம் பிசகினால் எல்லாம் பிசகும்.

எங்கள் மூத்த டெக்னீஷியன் அக்கா அதை வாசிக்கக்கூடிய எழுத்துக் கோப்பாக மாற்ற ஒரு புரோகிராம் எழுதியிருந்தார். மருந்தின் பெயர், எதிரே அளவு. திருத்திவிட்டு மறுபடி பைனரியாக்கிப் பம்பில் ஏற்றுவோம்.

அந்த மறுபடி ஆக்குகிற இடத்தில் ஒரு தவறு இருந்தது. பைனரியாக எழுத வேண்டியதை அவர் எழுத்துக் கோப்பு போலவே எழுதவிட்டிருந்தார். எழுத்துக் கோப்பில் பத்து என்ற எண்ணுக்கு, வரி முடிந்தது என்று பொருள். அதைக் கண்டதும் எங்கள் கணினி தானாகவே முன்னால் ஒரு பதிமூன்றைச் செருகிவிடும். பத்தும் அதன் பின்னால் இருப்பவையும் ஒரு இடம் தள்ளிப்போகும். எந்த மருந்துக்கும் அளவு பத்தாக இல்லாததால் அதுவரை யாருக்கும் தெரியவில்லை.

அக்காவிடம் சொன்னேன்.

“வந்துட்டியா சந்தேகப் பிராணி? இத்தன வருஷமா ஓடுது. உன் கண்ணு படாம இருந்தாலே போதும்டி.”

அறையே சிரித்தது. நானும் சிரித்தேன். எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. நிரூபிக்காமல் ஒருவர் மேல் குறை சொல்வது நியாயமில்லை.

பிறகு வார்டு டாக்டர் ஒரு மருந்தின் உச்சத்தைக் குறைக்கச் சொன்னார். “ஒம்பதோ பத்தோ, ஏதாவது ஒண்ணு போடும்மா.”

பத்து போட்டு ஒரு பம்பில் ஏற்றினேன். அதற்கு அடுத்து இருந்தது வலி மருந்து. அதன் உச்சம் இரண்டு; பதிமூன்று நுழைந்து பத்தைத் தள்ளிவிட, இனி பத்தாகிவிடும். மேசையில் வைத்தே சோதித்திருக்கலாமே என்கிறீர்கள். மேசைக்கு எதுவும் ஆகாது. அக்கா மறுபடி சிரித்திருப்பார்.

அந்தப் பம்ப் ஆம்புலன்ஸ் ஓட்டுநருக்குப் போனது. மருத்துவமனையில் எல்லோருக்கும் அவர் சித்தப்பா. முழங்காலில் அறுவை முடிந்து படுத்திருந்தார். மதிய வேளைகளில் போய் நிற்பேன்.

“என்னம்மா, மெஷினையே மொறச்சுப் பாக்கற? பொண்ணு பாக்க வந்த மாதிரி?” என்றார்.

“தப்பா அடிச்சா அதுவே கத்தும். அத நம்பித்தான் எங்க பொழப்பே ஓடுது,” என்றார் நர்ஸ்.

அவசரத்தில் புள்ளி விடுபடுவது எல்லா வார்டிலும் நடப்பதுதான். ஒரு மதியம் அந்த நர்ஸும் வலி மருந்துக்குப் பூஜ்யம் புள்ளி எட்டுக்குப் பதிலாக எட்டு என்று அழுத்தினார். பம்ப் கத்தவில்லை. நானும்தான். சித்தப்பாவின் பேச்சு குழறியது, கண் செருகியது, மூச்சு இடைவெளி விட்டு விட்டு வந்தது. தூங்குகிறார் என்று நர்ஸ் போர்வையை இழுத்துவிட்டுப் போனார். நான் கடைசி மூச்சு வரை இருந்தேன்.

ஆனால் அவருக்கு வயதாகியிருந்தது. இதயமும் பலவீனம். ஒரே முடிவை வைத்து எதையும் உறுதியாகச் சொல்லக்கூடாது என்று வகுப்பில் சொல்லித் தந்திருக்கிறார்கள். அதனால் பக்கத்து வார்டில் இருந்த இளம்பெண்ணுக்கு அதே பம்பைத் தள்ளிக்கொண்டு போய்க் கொடுத்தது நான்தான். திடமான உடம்பு, நல்ல இதயம், அதே வலி மருந்து. பழைய எட்டு அதில் அப்படியே இருந்தது. கத்தவில்லையே என்று அங்கிருந்த நர்ஸும் ஓடவிட்டார். அவளும் எழுந்திருக்கவில்லை.

நீங்கள் என்னை ஸ்டேஷனுக்கு அழைத்து வரும்போது அக்கா வராந்தாவில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். “என்கிட்ட இன்னொரு தடவ வந்து சொல்லியிருக்கக் கூடாதாடி?” என்று கேட்டார்.

சொல்லியிருப்பேன். இரண்டே பேரை வைத்து ஒருவர் மேல் பழி போட எனக்கு மனம் வரவில்லை.