ஐந்தாவது முட்டை

— எண்ணிப் பாருங்கக்கா. இந்தக் கூட்டுல எத்தனை முட்டை இருக்குதுங்க?

— மொதல்ல நீ யாருன்னு சொல்லும்மா. டீய வெச்சிகினு செவனேன்னு ஒக்காந்துகீறேன், வந்ததும் வராததுமா முட்டைய எண்ணுன்றியே.

— என் பேரு மைதிலிங்க. ஆவடி சேக்காட்டுல இருந்து வர்றேன். இந்தப் பறவைப் புத்தகத்தை வாங்குனது நான்தான். இதை அச்சடிச்சவங்களைப் பாக்கணும்னு உங்க கம்பெனி கேட்டுல கேட்டேன். வாட்ச்மேன்தான் வடிவுக்கான்னு உங்க பேரைச் சொல்லி இந்த டீக்கடையைக் கைகாட்டுனாருங்க.

— ஓ. மெயிலு போட்ட பொண்ணு நீதானா.

— ஆமாங்க.

— கையில எண்ணெ கீது, பஜ்ஜி துன்னேன். நீயே புடி, நான் பாக்கறேன். ஒண்ணு, ரெண்டு... அஞ்சு. போதுமா?

— மத்த புத்தகத்துல எல்லாம் நாலுதாங்க. நெட்டுல ஒருத்தரு இதே பக்கத்தைப் படம் புடிச்சுப் போட்டிருந்தாரு. அதைப் பாத்துட்டுத்தான் என்னோடதை எண்ணுனேன். ஆக்காட்டி சாதாரணமா நாலுதான் இடும்.

— ஆள்காட்டின்னு எழுதிகீறாரு எங்க சாரு.

— எங்க ஈரோட்டுப் பக்கம் ஆக்காட்டிங்க. கூட்டுக்குக் கிட்ட யாரு போனாலும் கத்திக் காட்டிக் குடுத்துரும்.

— தோ, அத்தத்தான் நீயும் செஞ்சிட்ட.

— நான் குறை சொல்லி எழுதலைங்கக்கா. என் புத்தகத்துல மட்டும் ஒரு முட்டை கூட இருக்குதே, யாரு வச்சதுன்னு படம் புடிச்சு அனுப்பி ஆசையாத்தான் கேட்டேன். உங்க ராஜசேகரன் சார் மன்னிப்புக் கேட்டு, வேற புத்தகம் அனுப்புறேன்னு எழுதியிருந்தாரு. கடைசி வரியில, கவனமில்லாம வேலை செஞ்சவங்களை நிறுத்தியாச்சுன்னு இருந்துது. அதைப் படிச்சதுல இருந்து எனக்குச் சோறு இறங்கலை.

— எனக்கு நல்லா எறங்குது. இந்த மாசம் முடியற வரிக்கும் வேலை கீது. ஒண்ணாந்தேதிலேர்ந்து வராதன்ட்டாரு. எல்லாத்தையும் நிக்க வெச்சி, கண்ணுகீதா உனுக்குன்னு கேட்டாரு. பதினாலு வருசமா கீற கண்ணுதான் சார்னேன். அதுக்கும் சேத்துத் திட்டு.

— லென்ஸ் வச்சுப் பாத்தனுங்க. நாலு முட்டை மேலயும் பொட்டுப் பொட்டாப் புள்ளி. அஞ்சாவதுல வளைஞ்சு வளைஞ்சு கோடு. யாரோ கட்டைவிரலை வச்சிருக்காங்க.

— நான்தான்.

— எப்படிக்கா அவ்வளவு சரியா கூட்டுக்குள்ள விழுந்துது?

— நீ இன்னா, போலீசா?

— இல்லீங்க. கம்ப்யூட்டர்ல டெஸ்டிங் வேலை. அடுத்தவங்க எழுதுனதுல தப்புக் கண்டுபிடிக்கிறதுக்குத்தான் சம்பளம். வீட்டுலயும் அந்தப் புத்தி போக மாட்டேங்குது, கொழம்பு வைக்கிறது வரைக்கும் எங்க வீட்டுக்காரரைக் கேள்வி கேட்டுக் கொல்றேன். இதைப் பாத்தப்ப மட்டும் தப்புன்னு தோணலை. இந்தப் பக்கத்துக்கு யாரோ வந்துட்டுப் போயிருக்காங்கன்னு தோணுச்சு. அது ஏன்னு எனக்கே தெரியலைங்க.

— ஒரு குருவிக்கு ஏழு கலரும்மா. ஸ்கிரீன் வெச்சிக் கையாலயே ஒரு கலரு இழுத்து, கம்பித் தட்டுல காய வெச்சி, அப்பால அடுத்த கலரு. பழந்துணிலேர்ந்து செஞ்ச பேப்பரு, ஈரத்த உட்டுத் தொலைக்காது. கூழாங்கல்லுக்கும் முட்டைக்கும் ஒரே சாம்பல் கலருதான். அதான் கைல ஒட்டிகிச்சி.

— அந்தக் கலர் காயுறதுக்குள்ள தொட்டுட்டீங்க.

— ஆங்.

— நான் ஒரு முடிவு பண்ணிட்டேங்கக்கா. எனக்கு மாத்துப் புத்தகம் வேண்டாம், இதுதான் வேணும்னு நானே போய் சார்கிட்டச் சொல்றேன். உங்களை வேலையில வச்சுக்கணும்னும் கேக்கறேன்.

— அவரு ஒத்துக்க மாட்டாரு. ஒரு றெக்கைய நாலு நாளு வரையற ஆளு. தப்புன்னா தப்புதான் அவருக்கு.

— கேட்டுப் பாக்கறனுங்க. அதுக்கு முன்னாடி ஒண்ணு. வரைஞ்சு எழுதுன சார் பேரு இருக்குது, கம்பெனி பேரு இருக்குது. உங்க பேரு எங்கயும் இல்லை. இந்த முதல் பக்கம் காலியாத்தான் இருக்கு. அச்சடிச்சவர் வடிவுன்னு நான் எழுதிட்டேன். பக்கத்துல உங்க விரலை வைங்க. மைப்பெட்டி கொண்டாந்திருக்கேன்.

— வேணாம்மா.

— கை துடைச்சுக்கங்க, இந்தாங்க கைக்குட்டை.

— வேணான்றேன்ல. டீ ஆறுது எனக்கு.

— ஒரே ஒரு தடவைங்கக்கா.

— புடிச்சா உடமாட்டே போலகீதே. குடு... இந்தா. வெச்சிட்டேன். சந்தோசமா?

— திட்டாத்தான் விழுந்திருக்குதுங்க. கொஞ்சம் அழுத்தி வைங்க.

— எம்மாம் அழுத்துனாலும் அம்மாந்தான்.

— கையைக் காட்டுங்க. ஐயோ, வழுவழுன்னு இருக்குதே.

— தின்னரு போட்டுக் கழுவிக் கழுவி ரேகையெல்லாம் பூடுச்சி. ரேஷன் கடை மிசினு என்ன வடிவுன்னே ஒத்துக்கறதில்ல. என் பொண்ணு வந்து கை வெச்சாத்தான் ஊட்டுக்கு அரிசி.

— எத்தனை வருஷமாங்க?

— ஆவும், ஆறு வருசம்.

— இந்தப் புத்தகம் வந்து ஆறு மாசந்தானுங்களே ஆகுது.

— டீ ஆறியே பூடுச்சி, போ.

— முட்டை மேல ஒவ்வொரு கோடும் தெளிவா இருக்குதுங்கக்கா. இது உங்க விரல் இல்லை.

— நீ டெஸ்டிங் வேலைக்கு லாயக்குதான்.

— அப்புறம் ஏன் நீங்கன்னு சொன்னீங்க?

— வெரல வெச்சது யாருன்னு சாரு கேட்டப்ப, அவரு கண்ணு புஷ்பா மேலயே நின்னுச்சி. வேலைக்கு வந்து ரெண்டு மாசங்கூட ஆவாத பொண்ணு. வாயத் தொறந்தா அழுதுரும். நான் சொன்னா பழைய ஆளு, மன்னிச்சிருவாருன்னு ஒரு நெனப்பு. கணக்கு தப்பா பூட்ச்சி.

— அந்தப் புஷ்பா விரலுங்களா இது?

— அவ வந்ததே ரெண்டு மாசம்மா. நீதான சொன்ன, ஆறு மாசத்துப் புக்குன்னு. கோவத்துல அவரு அத்தக்கூட யோசிக்கல.

— அப்ப, நடந்தப்ப நீங்க பாத்தீங்களாக்கா?

— பக்கத்துலதான் நின்னுகினு இருந்தேன். காஞ்சிச்சான்னு கல்லத் தொட்டு, அதே கையால பேப்பரத் தூக்கி வெளிச்சத்துல புடிச்சாங்க. நானும் அப்ப கவனிக்கல. உன் மெயில்ல வந்த படத்தப் பாத்தப்பதான் வெளங்கிச்சி.

— யாருக்கா?

— கடேசிப் பக்கத்துல சாரு ஒவ்வொரு புக்குலயும் நம்பரு போட்டு, தன் கையால கையெழுத்துப் போட்டுகீறாரு பாரு. நூறு புக்குல மத்த எல்லாத்துலயும் அது ஒண்ணுதான் கீது கண்ணு. உன்னுதுல மட்டும் ரெண்டு, கூட்டுக்குள்ள ஒண்ணு.