கடைசி வண்டியின் கொடி

லாயிட்: ...அதான் சொல்றேன், டயர்ல காத்தை இன்னும் கொஞ்சம் இறக்கு மாப்ள. மூணு தடவ முக்கியும் மேடு ஏற முடியாம சறுக்குற.

ரஸ்ஸல்: ஏறிட்டேன் மச்சான், உச்சியிலதான் நிக்கிறேன். முதல் வண்டில சொகுசா போயிக்கிட்டு ரேடியோவுல பாடம் எடுக்காதீங்க.

லாயிட்: மூணு வண்டிக்கும் வழி போடுறது யாரு? நான் இல்லேன்னா இந்த சிம்ப்சன் பாலைவனத்துல ஒட்டகத்துக்குச் சம்பந்தி ஆகியிருப்ப.

ரஸ்ஸல்: ஒட்டகம் இவ்வளவு பேசாது.

லாயிட்: கொழுப்புடா உனக்கு... சரி, கடைசி வண்டி? என் தங்கச்சி வர்றாளா?

ரஸ்ஸல்: இருங்க, பார்த்துட்டுச் சொல்றேன்.

லாயிட்: இவ்வளவு நேரமா என்னத்தப் பார்க்குற? மணல் மேட்டுக்கு மேல அவ வண்டியோட கம்புக் கொடி தெரியுதா, இல்லையா?

ரஸ்ஸல்: புழுதி தெரியுது.

லாயிட்: புழுதி இருந்தா வண்டியும் வரும். நகரு, வெயில் மண்டையப் பொளக்குது.

ரஸ்ஸல்: புழுதி போதாது மச்சான். பின்னாடி வண்டியோட கொடிய கண்ணால பார்த்தாத்தான் முன்வண்டி நகரணும். நம்ம வச்ச சட்டம்தானே?

லாயிட்: ...சரி. நில்லு.

ரஸ்ஸல்: அண்ணி, கேக்குதா? ... அண்ணி... ஐல்சா அண்ணி!

லாயிட்: ஏன் பதில் இல்ல?

ரஸ்ஸல்: தெரியல. நான் திரும்புறேன்.

லாயிட்: அவசரப்படாத, நீயும் மணல்ல மாட்டிக்குவ. ஒரு பத்து நிமிஷம் பாரு...

ரஸ்ஸல்: பார்க்க மாட்டேன். போன வருஷம் ரெண்டு மணி நேரம் கழிச்சுத் திரும்பினோம். அண்ணன் போய்ச் சேர்ந்துட்டாரு.

ஐல்சா: திரும்ப வேணாம் ரஸ்ஸல். நல்லாத்தான் இருக்கேன்.

ரஸ்ஸல்: அண்ணி! எங்க இருக்கீங்க? கொடியக் காணோமே!

ஐல்சா: உனக்குப் பின்னாடி ரெண்டாவது மேட்டுக்கு அந்தப் பக்கம். கொடிய நான்தான் கழட்டினேன்.

லாயிட்: பைத்தியமா உனக்கு? எதிர்ல ஒருத்தன் வந்தா உச்சியில நேருக்கு நேர் மோதிச் சாவ!

ஐல்சா: பாதைய விட்டு ஓரம் கட்டிட்டேன் அண்ணா. கூப்பிட்டப்போ பேசாம இருந்தது தப்புதான். கொடி தெரியலேன்னா ரஸ்ஸல் என்ன சொல்றான்னு கேக்கணும்னு இருந்துச்சு.

ரஸ்ஸல்: அண்ணி...

ஐல்சா: உங்க அண்ணன் வண்டி உருண்டதும் இதே இடத்துலதான். அன்னைக்கு நீ என்ன பார்த்தேன்னு சொல்லு தம்பி. அவரப் புதைச்ச அன்னைக்குக்கூட நீ என் மூஞ்சியப் பார்க்கல.

ரஸ்ஸல்: ...நான் பார்க்கல அண்ணி. வார்விக் அண்ணன் வண்டிய நான் பார்க்கவே இல்ல. மச்சான் அவசரப்படுத்தினாரு, "கொடி தெரியுது"ன்னுட்டேன். பார்த்தது புழுதி மட்டும்தான். அது... அது அவரு வண்டி உருண்ட புழுதி.

லாயிட்: டேய்! பார்த்தேன்னு போலீசுக்கு எழுதிக் கொடுத்தியேடா!

ரஸ்ஸல்: கொடுத்தேன். வண்டி உருண்டப்புறம் ஒரு மணி நேரமாவது உயிரோட இருந்திருப்பாருன்னு டாக்டர் சொன்னதும் எனக்கு நாக்கு எழல. அங்கேயே நின்னிருந்தா அவர் இன்னைக்கு இருப்பாரு. நான்தான் கொன்னுட்டேன் அண்ணி.

ஐல்சா: அழாத. நீ கொடியப் பார்த்திருக்க முடியாதுன்னு எனக்கு அன்னைக்கே தெரியும்.

ரஸ்ஸல்: அன்னைக்கேவா? எப்படி?

லாயிட்: உருண்டதுல கொடி ஒடிஞ்சு மண்ணுல புதைஞ்சிருக்கும்னுதானே நெனச்சோம்? நீ அன்னைக்கு என் வண்டியிலதானே வந்த ஐல்சா?

ஐல்சா: உன் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன் அண்ணா. காலையில கூடாரத்தச் சுருட்டுறப்போ, மடக்கி வச்சிருந்த அவரு வண்டிக் கொடிக் கம்பையும் சேர்த்துச் சுருட்டி உன் வண்டியில போட்டுட்டேன். அவரும் கவனிக்கல. பாதி வழியிலதான் எனக்கே தெரிஞ்சுது. சொன்னா எல்லாரும் நிறுத்தணும், ஊர் போய்ச் சேர்ற வரைக்கும் என்னையக் கேலி பண்ணுவீங்கன்னு வாய மூடிக்கிட்டேன். ரஸ்ஸல் "கொடி தெரியுது"ன்னு சொன்னப்போ, அந்தக் கொடி என் காலடியில கிடந்துச்சு.