குடியிருக்கிறவள் சொன்ன நல்ல வார்த்தை

— எந்த சுபாங் வீடும்மா கௌசல்யா? வைரவனுக்குப் பேசியிருக்கிற பொண்ணோட அப்பா தேவகோட்டையிலேருந்து போன் பண்ணி, ‘மலேசியாவுல சுபாங் வீட்டுலதான் பிள்ளைங்கள வேறு வைக்கப் போறீங்களாமே, ரொம்ப சந்தோஷம்’னு சொல்றாரு. எனக்குத் தலைய சுத்திருச்சு லா.

— இந்த வீடுதான் மெய்யம்மை ஆச்சி. நீங்க உக்காந்திருக்கிற இந்த சோபா, அந்த ஓடாத ஏர்கான், எல்லாம் சேர்த்துத்தான்.

— நீயா சொன்ன?

— எங்க அம்மா வீட்டுக்கு நாலு வீடு தள்ளித்தான் பொண்ணு வீடு. மாப்பிள்ளை வீட்டைப் பத்தி விசாரிக்க, அவங்ககிட்ட வாடகைக்கு இருக்கிறவள விட்டா வேற யாரு? கேட்டாங்க, சொன்னேன்.

— நல்லதா நாலு வார்த்தை சொல்லுன்னுதானே கிள்ளான்லேருந்து போன் பண்ணிக் கேட்டேன். வீட்டையே தூக்கிக் குடுக்கச் சொன்னேனா?

— நல்லதுதான் சொன்னேன். உங்க வழக்கத்துல கல்யாணமான பிள்ளையத் தனியா உலை வைக்கச் சொல்லி வேறு வைப்பீங்கல்ல? எங்க வைப்பாங்கன்னு கேட்டாங்க. ஒரே பிள்ளை, சுபாங் வீட்டை வைரவனுக்கே எழுதிக் குடுத்திருவாங்கன்னேன். மாப்பிள்ளை தங்கம்னேன். ஆச்சிக்குத் தாராளமான கைன்னேன். அதைச் சொல்லும்போது எனக்கே சிரிப்பு வந்துச்சு.

— ஐயையோ, இந்த வாடகையிலதாம்மா என் காலம் ஓடுது. வைரவன் அப்பா போனப்புறம் எனக்கு வேற என்ன இருக்கு?

— தெரியும். தெரிஞ்சுதான் சொன்னேன். இப்ப நீங்க மாத்திப் பேசினா சம்பந்தம் போகும். பேசாம இருந்தா வாடகை போகும். எது போனாலும் என் வயிறு குளிரும்.

— அடிப்பாவி! உனக்கு நான் என்ன பண்ணேன்?

— என்ன பண்ணீங்களா? எங்க கார் பார்க்கை எவனுக்கோ வாடகைக்கு விட்டீங்க. என் வீட்டுக்காரர் செந்தில் காரை வித்துட்டு, இருட்டோட கிளம்பி, கம்யூட்டர் ரயில்ல நின்னுக்கிட்டே கேஎல் சென்ட்ரலுக்கு வேலைக்குப் போறாரு. ஏர்கான் கேட்டா ஃபேன் போதும்னு பதில்.

— இரும்மா, கார் பார்க்கா? எந்த...

— நான் பேசி முடிச்சிர்றேன் ஆச்சி. அதெல்லாம்கூட தொலையட்டும். ஆயிரத்து எண்ணூறு வெள்ளியா இருந்த வாடகை ஒரே வருஷத்துல ரெண்டாயிரத்து அறுநூறு. ‘வெளிநாட்டு ஆளுங்கதானே, கம்பெனி குடுக்கும்’னு பேச்சு வேற. கம்பெனி ஒரு காசு குடுக்கல. உள்ளூர் ஸ்கூல்ல எம்பொண்ணு நித்யாவுக்கு இடம் கிடைக்கல. இன்டர்நேஷனல் ஸ்கூல் ஃபீஸா, உங்க வாடகையான்னு ஆயிப்போச்சு. கொண்டுபோய் ஊர்ல விட்டுட்டு வந்தோம். ஏழு வயசு ஆச்சி. திருச்சி ஏர்போர்ட்டுல என் துப்பட்டாவ விடவே மாட்டேன்னுட்டா. விரலைப் பிரிச்சு எடுத்தேன்.

— புள்ள இங்க இல்லையா? வைரவன் ஒரு வார்த்தை சொல்லலையே!

— அவரு எதுக்குச் சொல்லணும்? மாசம் பொறந்தா வருவாரு. ‘ஆத்தா ஏத்தச் சொல்லிட்டாங்க, நான் என்ன பண்றது’ன்னு தலையச் சொறிவாரு. வாங்கிட்டுப் போவாரு. நானே உங்ககிட்ட கேக்கறேன்னா, ‘ஆத்தாவுக்கு பிரஷர், போன் பண்ணிடாதீங்க அக்கா’ம்பாரு. பாவம், நல்ல மனுஷன்.

— நான் ஏத்தச் சொன்னேன்னா சொன்னான்?

— பின்ன?

— எனக்கு ஆயிரத்து எண்ணூறுதாம்மா வருது.

— என்ன சொல்றீங்க?

— போன வருஷம் வாடகைய ஏத்தலாமான்னு கேட்டான். ஸ்கூல் போற புள்ள இருக்குடா அந்த வீட்டுல, வாயைத் திறக்காதன்னு நான்தான் திட்டினேன். ஏர்கான் மாத்தணும்னு என்கிட்ட காசு வாங்கிட்டுப் போனான் லா. என் பேரைச் சொல்லி உன்னைத் தின்னிருக்கான், உன் பேரைச் சொல்லி என்னைத் தின்னிருக்கான்.

— ஆச்சி... மாப்பிள்ளை தங்கம்னு சொல்லிட்டேனே. அந்தப் பொண்ணு மாதவிய எனக்குப் பாவாடை சட்டை போட்ட நாள்லேருந்து தெரியும். என் வார்த்தைய நம்பித்தான் சரின்னிருக்காங்க.

— அழாத. என் வயித்துல பொறந்தது உன் வயித்தெரிச்சலக் கொட்டிக்கிட்டிருக்கு, நான் அதுக்குப் பொண்ணு தேடிக்கிட்டிருக்கேன். எழுந்திரு. தேவகோட்டைக்குப் போன் போடு.

— போட்டு? நான் என்னன்னு சொல்றது?

— நீ ஒண்ணும் சொல்ல வேணாம். மாப்பிள்ளையோட ஆத்தா மாப்பிள்ளையப் பத்திப் பேசணுமாம்னு சொல்லிட்டு, போனை எங்கிட்ட குடு.