துறைமுகத்துக்கு முன் கழற்றியவை

இந்தத் தேநீர் நன்றாக இருக்கிறது, ஐயா. காவல் நிலையத்துத் தேநீர் பாத்திரம் கழுவிய தண்ணீர் மாதிரி இருக்கும் என்று யாரோ கிளப்பிவிட்ட கதையை நான் இத்தனை காலம் நம்பியிருந்தேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்குக் கூட்டிச் சொல்லும் பழக்கம் உண்டு. எழுபத்தொரு வயதில் அதை விட முடியாது. நம் நாகவோகா ஊரில் பனி கூரையைத் தொடும் என்று மற்றவர்கள் சொன்னால், காக்கைகள் மூன்றாம் மாடிச் சன்னலைத் தட்டி வழி கேட்கும் என்று நான் சொல்வேன். ஆகவே பனி, காக்கை பற்றி நான் சொல்வதில் பாதியைத் தள்ளிவிடுங்கள். ஹோஷினா அண்ணனைப் பற்றிச் சொல்வதில் மட்டும் எதையும் தள்ள வேண்டாம்.

அடுப்புத் தொழிற்சாலையில் அவர் எனக்கு இரண்டு வருடம் மூத்தவர். தினமும் ஒரே ரயில், நாற்பது நிமிடம். கையடக்க விளையாட்டுப் பெட்டி வந்த புதிதில் இருவரும் ஆளுக்கு ஒன்று வாங்கினோம். அடக்கமாவது ஒன்றாவது, செங்கல் கனம். சட்டைப் பையில் போட்டால் ஆள் ஒரு பக்கமாகச் சாய்ந்து நடப்பான். கழுத்துப்பட்டை கட்டிய இரண்டு ஆண்கள் எதிரெதிரே உட்கார்ந்து பூதங்களை வெட்டிக்கொண்டிருந்தால், பள்ளிப் பிள்ளைகள் எங்களுக்காக வெட்கப்பட்டு அடுத்த பெட்டிக்குப் போய்விடுவார்கள்.

அதில் ஒரு விளையாட்டு எங்களுக்கு உயிர். நாயகனும் மூன்று தோழர்களும் ஊர் ஊராக நடப்பார்கள். சண்டை போட்டுப் போட்டு பலம் ஏறும். பாதிக் கதையில் ஒரு துறைமுகம் வரும். தோழர்களில் மூத்தவனான வாள்வீரன் அங்கே கப்பலேறிப் போய்விடுவான், திரும்பவே மாட்டான். அவன் உடம்பில் எதெல்லாம் போட்டிருக்கிறானோ அதெல்லாம் அவனோடு போய்விடும். அண்ணனுக்கு முதல் தடவை அது தெரியாது. இரண்டு வாரம் குகை குகையாக அலைந்து எடுத்த நாகச்செதில் கவசத்தை வாள்வீரனுக்கு மாட்டிவிட்டிருந்தார். கப்பலும் போயிற்று, கவசமும் போயிற்று. மூன்று நாள் ரயிலில் என்னோடு பேசவில்லை. நான்காம் நாள் பேசினார்.

"யோவ் இசோமுரா, ஒண்ணு ஞாபகம் வெச்சுக்க. ஒருத்தன் போகப்போறான்னு தெரிஞ்சா, துறைமுகத்துக்கு முன்னாடியே அவனை உரிச்சுரு. கவசம், வாளு, தொப்பி, ஒண்ணு விடாத."

"பாவம் இல்லையா அண்ணே?"

"என்ன பாவம்? கப்பல்ல போறவனுக்குக் கவசம் எதுக்குடா? கட்டின துணியோட கையாட்டிட்டு நல்லாத்தான் போவான்."

இந்த மாதிரி விளையாட்டு ஆடிய யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், எல்லோரும் செய்வதுதான். அந்த மூலையில் உட்கார்ந்து எழுதுகிறாரே உங்கள் இளைய அதிகாரி, தலையாட்டுகிறார் பாருங்கள். அவரும் உரித்திருக்கிறார்.

போன இலையுதிர் காலத்தில் அந்தப் பழைய விளையாட்டுகளையெல்லாம் சேர்த்துப் புது விளையாட்டுக் கருவிக்காக ஒரே தொகுப்பாக வெளியிட்டார்கள். ஆளுக்கொரு கருவி வாங்கினோம். இருவருக்கும் மனைவி இல்லை, அவர் வீடு என் வீட்டிலிருந்து மூன்றாவது. காலை பத்து மணிக்கு அவர் வீட்டில் அடியில் கணப்பு வைத்துப் போர்வை போர்த்திய மேசைக்குள் காலை நீட்டினால் மாலை வரை எழ மாட்டோம். தின்ற ஆரஞ்சுத் தோல் எங்கள் இருவரையும் மறைக்கும் உயரத்துக்குக் குவியும். புதுக் கருவியில் ஒரு பொத்தான் உண்டு. அழுத்திப் பிடித்தால் ஆட்டம் பின்னோக்கி ஓடும், செத்தவன் எழுந்து நிற்பான். அண்ணன் அதைத் தொட மாட்டார். "அது கோழைங்க பொத்தான்டா," என்பார். அந்த மூன்று மாதங்களைப் போல என் வாழ்நாளில் வேறு மாதங்கள் இருந்ததில்லை. இதில் நான் கூட்டவில்லை.

டிசம்பரில் ஒரு நாள், ஆரஞ்சை உரித்துக்கொண்டே சொன்னார்.

"மார்ச் கடைசில சப்போரோ போறேன். மினோரி எனக்குன்னு ஒரு ரூம் ஒழிச்சு வெச்சிருக்கா."

"நல்லதாப்போச்சு அண்ணே. மக கையால சாப்பாடு."

"நீயும் ஒரு வாட்டி வா. முழு நண்டு வாங்கித் தர்றேன். உன் வாய்க்கு அதுதான் சரி, கொஞ்ச நேரமாவது மூடியிருக்கும்."

இருவரும் சிரித்தோம். அன்று கிளம்பும்போது அவருடைய கண்ணாடியை எடுத்துக்கொண்டு வந்தேன்.

கோபத்தில் எடுக்கவில்லை. போகிறவர் போகத்தான் போகிறார், அவரோடு எதெல்லாம் போய்விடும் என்று யோசித்தேன், அவ்வளவுதான். அடுத்து காதுக்கருவி. அது இல்லாவிட்டால் புத்தாண்டுக் கோயில் மணியைக் கொசு என்று நினைத்து அடிக்கப் போவார். பிறகு கைத்தடி, பிறகு வீட்டுச் சாவி. ஒவ்வொன்றையும் அவர் தேடியபோது நானும் கூடவே மண்டியிட்டுத் தேடினேன். சில சமயம் கண்டுபிடித்தும் கொடுத்தேன். கண்ணாடியை ஒரு முறை குளிர்பெட்டியில், முள்ளங்கிக்குப் பக்கத்தில் 'கண்டுபிடித்தேன்'. முதல் முறை வயிறு குலுங்கச் சிரித்தார். இரண்டாம் முறை சிரிக்கவில்லை.

"முள்ளங்கிகிட்ட கண்ணாடியைக் குடுத்து வெச்சிருக்கேன் பாரு. எனக்கு மண்டை கழண்டுபோச்சாடா?"

"வயசுதான் அண்ணே. யாருக்குத்தான் இல்ல."

மகளிடம் அவரே தொலைபேசியில் சொன்னார். எண்ணை நான்தான் அழுத்திக் கொடுத்தேன், கண்ணாடி இல்லையே. அந்தப் பெண் அழுதது எனக்குக்கூடக் கேட்டது. பகல் முழுக்க வீட்டில் ஆள் இல்லை, இப்படி நிலைமை என்றால் தனியாக எப்படி விடுவது, முதலில் ஒரு முதியோர் இல்லத்தில் இடம் கேட்கிறேன் என்றாள். மார்ச் என்றிருந்தது 'பார்க்கலாம்' என்று ஆயிற்று.

அங்கே நிறுத்தியிருக்கலாமே என்று உங்கள் முகம் சொல்கிறது. ஆனால் 'பார்க்கலாம்' என்றால் கப்பல் இன்னும் துறைமுகத்தில்தான் நிற்கிறது என்று பொருள். அவரிடம் உரிக்க இன்னும் ஒன்று பாக்கி இருந்தது.

அவருக்கு இதய நோய். மருந்துக் கடையில் ஒவ்வொரு வேளை மாத்திரையையும் தனித்தனிச் சிறு உறையில் போட்டு, மேலே பெயர், தேதி அச்சடித்துக் கொடுப்பார்கள். அவருக்குக் காலையில் ஒரு உறை. ஜனவரி ஏழாம் தேதி அவர் உறையைக் கிழிக்கப் போனபோது கையைப் பிடித்தேன்.

"இப்பத்தானே முழுங்கினீங்க அண்ணே. நான் பார்த்தேனே."

"அப்படியா?" என்று என்னைப் பார்த்துவிட்டு உறையை என் கையில் கொடுத்தார். "நீ சொன்னா சரிதான். நீ இல்லேன்னா நான் ரெண்டு வாட்டி முழுங்கிச் செத்துருப்பேன்டா."

தன் நாக்கை நம்பியதைவிட என்னை அதிகம் நம்பினார். ஒரு மனிதனுக்கு இதைவிட என்ன வேண்டும்.

பிப்ரவரி பதினாறு, பிற்பகல். விளையாட்டில் எங்கள் கூட்டம் மறுபடியும் அந்தத் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தது. கண்ணாடியை அன்று நான்தான் கொடுத்திருந்தேன். வாள்வீரனை உரிக்க வேண்டும் என்பதை அண்ணன் மறந்துவிட்டார். வேண்டுமென்றே நான் ஞாபகப்படுத்தவில்லை, எப்படிக் கத்துவார் என்று பார்க்க ஆசை. கப்பல் நகர்ந்தது. அவர் கத்தவில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மேசை மேல் சாய்ந்தார்.

"இசோமுரா... ஆம்புலன்சைக் கூப்பிடுறா."

அவர் கையிலிருந்த விளையாட்டுக் கருவி கீழே விழப் பார்த்தது, வாங்கிக்கொண்டேன். திரையில் கப்பல் போய்க்கொண்டிருந்தது. கோழைகளின் பொத்தானை அழுத்தினேன். கப்பல் பின்னோக்கிக் கரைக்கு வந்தது, வாள்வீரன் பலகை வழியே பின்பக்கமாகவே நடந்து இறங்கி எங்கள் பக்கத்தில் நின்றான். மிக அழகாகச் செய்திருக்கிறார்கள். கப்பலைப் போகவிட்டேன், மறுபடி வரவைத்தேன். சுவர்க் கடிகாரத்தில் இரண்டு பத்து முதல் இரண்டு முப்பத்தொன்று வரை. இதிலும் கூட்டவில்லை, ஐயா. அதன் பிறகு ஆம்புலன்சைக் கூப்பிட்டேன். ஆறே நிமிடத்தில் வந்தார்கள், மரியாதையான பிள்ளைகள்.

சாவு வீட்டில் மினோரி என் முன்னால் தரையில் நெற்றி படக் குனிந்தாள். "கடைசி வரைக்கும் அப்பா பக்கத்துல நீங்கதான் இருந்தீங்க மாமா," என்றாள். நான் மறுக்கவில்லை, அது உண்மைதானே. நாற்பத்தொன்பதாம் நாள், எரித்து எடுத்த எலும்பைக் கல்லறையில் வைத்த பிறகு, அப்பாவின் ஞாபகமாக அவருடைய விளையாட்டுக் கருவியை எனக்குக் கொடுக்க என் வீட்டுக்கு வந்தாள். சும்மா வாங்கிக்கொண்டால் நன்றாக இருக்குமா? நானும் எல்லாவற்றையும் எடுத்து மேசை மேல் பரப்பினேன். கண்ணாடி, புது மின்கலம் போட்ட காதுக்கருவி, எண்ணெய் தேய்த்த கைத்தடி, சாவி, தேதிவாரியாக அடுக்கிய நாற்பத்தொரு உறைகள்.

"ஒண்ணுகூடத் தொலையல பாரும்மா," என்றேன்.

உறைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் படித்தாள். "ஜனவரி ஏழு. ஜனவரி எட்டு... மாமா, இதெல்லாம் அப்பா சாப்பிட வேண்டியது."

"ஆமாம்மா."

காலணி போடாமலே வெளியே போனாள். மழை பெய்துகொண்டிருந்தது. குடையோடு பின்னால் போனேன், அவள் வாங்கிக்கொள்ளவில்லை. தெருவில் நின்றபடியே உங்களைக் கூப்பிட்டாள்.

மாத்திரையை நிறுத்தியது நான்தான். அதனால் இறந்துபோவார் என்று தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியும். ஒரு நாளும் விடக் கூடாது என்று மருந்துக் கடைப் பெண் என்னை வைத்துக்கொண்டுதான் அவரிடம் சொன்னாள். ஆம்புலன்சை வேண்டுமென்றே தாமதமாகக் கூப்பிட்டேன், அதையும் எழுதுங்கள். எங்கே சொல்கிறீர்களோ அங்கே விரல் ரேகை வைக்கிறேன்.

பதிலுக்கு ஒரே ஒரு உதவி கேட்கலாமா? மினோரி கல்லறையையே பெயர்த்து சப்போரோவுக்குக் கொண்டுபோக நகராட்சியில் மனு கொடுத்திருக்கிறாளாம். அப்பாவை இழந்த பெண், நிதானத்தில் இல்லை, நான் தப்பாக நினைக்கவில்லை. நீங்கள் கொஞ்சம் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள். அண்ணனை எனக்குத் தெரியும். இந்த ஊரை விட்டுப் போக அவருக்கு ஒரு நாளும் மனம் இருந்ததில்லை.