மணலைத் தொடாதீர்கள்

கடல் மீன் தொட்டியில் மணலைக் கழுவவே கூடாதம்மா. நிறையப் பேர் அந்தத் தப்பைத்தான் செய்கிறார்கள். வீட்டில் மீன் வளர்த்தேன் என்று சொன்னீர்களே, நீங்களும் கழுவித்தான் இருப்பீர்கள். டீ ஆறுகிறது, குடித்துக்கொண்டே எழுதுங்கள் இன்ஸ்பெக்டரம்மா.

என் பேர் இருசம்மாள். ஆரம்பாக்கம் பக்கம் உப்புத் தண்ணீர் ஏரிக்கரையில் தனசேகர் முதலாளியின் பங்களாவில் வேலை. அங்கே ஓர் ஏசி அறையில், தரைக்குக் கீழே இறக்கிக் கட்டிய தொட்டி. இடுப்பளவு மணல், மேலே கடல் தண்ணீர், கலர் மீன்கள். ஏழு வருடமாக அந்த மணலைப் பார்த்துக்கொண்டது நான்தான்.

அதற்கு முன்னால் நானும் என் அக்கா தனக்கோடியின் மகன் தினகரனும் ஏரியில் புழு தோண்டினோம். இறால் பண்ணைக்காரர்கள் தாய் இறாலுக்குத் தீனியாக வாங்கிப் போவார்கள். அதனால் எனக்குச் சேறு தெரியும். மேலே வெளுப்பாக இருக்கும். புழு, நத்தை, கண்ணுக்குத் தெரியாத பூச்சி எல்லாம் அங்கே குடித்தனம் நடத்தும். காற்றுப் போகாத அடிமண் கருப்பு. மீன் போடும் அழுக்கை மேல்மண் தின்றுவிடும், மிச்ச விஷத்தை அடிமண் இழுத்துக்கொள்ளும். தொட்டி மணலும் அதே மாதிரிதான். நாம் செய்ய வேண்டியது கிளறாமல் இருப்பது, அவ்வளவுதான். கிளறினால் அழுகின முட்டை நாற்றத்தோடு ஆளை மயக்கும் விஷக்காற்று கிளம்பும். ஏரியில் அது காற்றோடு போய்விடும்.

புழு தோண்டுவதில் எங்களுக்கு ஒரு முறை உண்டு. ஒருவர் குனிந்து தோண்டுவார். மற்றவர் காற்று வரும் பக்கம் நின்று பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார். தோண்டுகிறவர் 'ஓ' கொடுக்க வேண்டும். வரவில்லை என்றால் சட்டையைப் பிடித்து இழுத்துவிட வேண்டும். பதினொரு வருடம் தினகரனுக்கு நான்தான் கூப்பிட்டேன். இரண்டு தடவை இழுத்தும் போட்டிருக்கிறேன்.

போன ஐப்பசியில் முதலாளிக்குத் தொட்டி அலுத்துவிட்டது. மீன்களை விற்றார், தண்ணீரை இறைத்தார், மணலை வாரிக் கொட்டச் சொல்லித் தினகரனை அனுப்பினார்.

"ஒரு வாரம் பொறுத்துக்கோ நைனா, இதுங்கள ஏரியில வுட்டுடறேன்" என்றேன்.

"இன்னா சின்னம்மா, புழுவுக்குப் போயி மூஞ்சத் தூக்கி வெச்சிக்கினு கீற? உள்ள பொண்ணா பெத்து வெச்சிருக்க? கட்டிக் குடுக்கணும்னா சொல்லு, பந்தல் போட்டுடலாம்" என்று சிரித்தான்.

வேடிக்கையான பிள்ளை. எனக்குக் குழந்தை இல்லை என்பதை நினைத்துச் சொல்லியிருக்க மாட்டான். மண்வெட்டியோடு இறங்கி, "கூப்ட்டுக்கினே இரு, இன்னா?" என்றான். சேற்று நாற்றம் அவனுக்குப் பழகியது, அதனால் பயமில்லை. சுற்றிலும் சுவர் இருப்பதை அவன் யோசிக்கவில்லை. நான் யோசித்தேன்.

முதல் வெட்டிலேயே கருப்பு தெரிந்தது. அறுபட்ட புழுக்கள் மண்வெட்டியில் துடித்தன. நான் வெளியே வந்து கதவைச் சாத்தினேன். கோபத்தில் சாத்தவில்லை. ஏசி ஓடும்போது கதவைச் சாத்துவது ஏழு வருடப் பழக்கம்.

கூப்பிடுவது என் வேலை. நான் கூப்பிடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவன்தான் கூப்பிட்டான்.

"சின்னம்மா, கீறியா?"

மறுபடியும் கேட்டான். மூன்றாவது தடவை பாதியில் நின்றுபோனது. கொடியில் காய்ந்த துணிகளை எடுத்து மடித்து வைத்தேன். பிறகு கதவைத் திறந்து வைத்துவிட்டு, வெகுநேரம் கழித்துத்தான் உள்ளே போனேன். எனக்குச் சேறு தெரியும் என்று சொன்னேனே.

எல்லோரும் மாரடைப்பு என்றார்கள். முதலாளி பயந்துபோய் அறையைப் பூட்டிச் சாவியை என்னிடமே கொடுத்தார். நான் முகத்துவாரத்துத் தண்ணீரைக் கொண்டுவந்து நிரப்பி, மிச்சப் புழுக்கள் பிழைத்திருக்கப் பம்ப்பை ஓட விட்டேன். அவன் வெட்டிய மூலை ஆறுவதற்கே நாலு மாதம் ஆனது.

அந்த மூலையிலிருந்து இப்போது குமிழி வருகிறதம்மா. மும்மூன்றாக வருகிறது. மூன்றாவது மேலே வந்து சேராமல் பாதியிலேயே உடைகிறது. பொழுது சாயும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்து "தினகரா" என்று கூப்பிடுவேன். முறை அதுதானே. பதில் கொஞ்சம் தாமதமாக வரும்.

தனக்கோடி ஒவ்வொரு அமாவாசைக்கும் வந்து என் கையைப் பிடித்துக்கொள்கிறாள். "கடைசியா எம்புள்ள இன்னா சொன்னான்டி?" என்கிறாள். "ஒண்ணும் சொல்லலக்கா" என்கிறேன். அதைத்தான் தாங்க முடியவில்லை.

இத்தனை மாதம் கழித்து இன்றைக்கு ஏன் வந்தேன் என்று கேட்கிறீர்கள். மனசாட்சிதான் தாயி, வேறென்ன? பங்களா கைமாறிவிட்டது என்பது உண்மைதான். புது ஓனர் சொல்லி, நாளைக் காலையில் மேஸ்திரி நீலமேகம் ஆட்களோடு மணல் வார வருகிறான் என்பதும் உண்மைதான். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

ஆமாம், தினகரனைக் கொன்றது நான்தான். தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். கொலை நடந்த இடம் என்றால் சீல் வைத்துவிடுவீர்கள், கேஸ் முடியும்வரை ஒருத்தரும் உள்ளே போக முடியாது, அப்படித்தானே? வருடக்கணக்கில் ஆகும் என்கிறார்கள். ஆகட்டும்.

இன்றைக்கே போய்விடலாம், சாவி இதோ இருக்கிறது. சீல் வைக்கும்போது பம்ப் சுவிட்சை மட்டும் அணைத்துவிடாதீர்கள்.