கொழுந்துக் கூடை வச்ச ஆஸ்பத்திரிப் படி

ரொட்டிக்கு மாவு பிசைஞ்சுக்கிட்டே சொல்றேன், கை நின்னா மாவு காஞ்சுரும்.

இந்த மலைக்கு லாரி ஏறாத காலமாம். மேமலைத் தேயிலைத் தோட்டத்துல பேச்சாயின்னு ஒருத்தி கொழுந்து பறிச்சாளாம். என் வீட்டுக்காரருக்குப் பூட்டி முறை. அதிகம் பேசமாட்டாளாம், என்னையப் போல.

தோட்டத்து ஆஸ்பத்திரியில ஒரே கட்டில். உள் ரூமுல, கதவு சாத்தியே கெடக்குமாம். ஆபீஸ்காரங்க வீட்டுப் பொம்பளைகளுக்கு மட்டுந்தான் அது. லயத்து லைன் வீட்டுக் கூலிப் பொம்பளைன்னா வெளித் தாவாரத்துச் சிமெந்துல சாக்கு விரிச்சுப் பெத்துக்கணும். கேட்டா, ஆஸ்பத்திரியில மருந்து குடுக்குற மருந்தையா சொல்லுவாராம்,

"கூலிச் சாதிக்கு வலி தெரியாது. ஒருத்தியாவது கத்துறாளா பாரு."

கத்தமாட்டாங்கதான். சத்தம் போட்டா புள்ள பயந்து உள்ளயே நின்னுரும்னு எங்காளுக முந்தானையைக் கடிச்சுக்குவாங்க. அதைப் போய் வலி இல்லைன்னு எடுத்துக்கிட்டாரு அந்தப் படிச்ச மனுசன். பேச்சாயியோட தலைப்புள்ள அந்தச் சிமெந்துலதான் செத்துச்சாம்.

பொறகு அவ நாத்தனா செவனம்மாவுக்கு வலி வந்துச்சாம். காலையில கொண்டுபோய் விட்டுட்டு மலைக்குப் போனா. மத்தியானம் கொழுந்து நிறுக்க வர்ற வழியில பாக்குறா, செவனம்மா அதே சிமெந்துல. பனிக்குடம் ஒடஞ்சிருச்சு. கட்டில் காலியாத்தான் கெடக்கு. மருந்தையா இன்னும் நேரமிருக்குன்னாராம்.

பேச்சாயி முதுகுக் கூடையை எறக்கிப் படியில வச்சாளாம், உக்காந்தாளாம். பின்னால வந்தவளும் வச்சாளாம், உக்காந்தாளாம். அவளுக்குப் பின்னால வந்தவளும். முப்பது கூடையாம். கங்காணி கெஞ்சினாராம், ஏசினாராம். ஒருத்தியும் எந்திரிக்கலையாம்.

கொழுந்து வரலைன்னதும் தோட்டத்து வெள்ளைக்காரத் தொரை குதிரையில ஓடியாந்தாராம். கூடையில அமுங்கிக் கெடந்தா கொழுந்து சூடேறிச் செவந்துரும், தெரியாதான்னு கேட்டாராம்.

பேச்சாயி தலையைத் தூக்காமச் சொன்னாளாம், "தெரியும் தொரை. கொழுந்து ஒரு மணி நேரம் கெடந்ததுக்கு ஓடியாந்தீங்க. இவ காலையில இருந்து கெடக்கா."

தொரைக்கு மனசு எளகிச்சோ, கொழுந்து போச்சேன்னு பதறிச்சோ, யாரு கண்டா. கதவு தொறந்துச்சு. செவனம்மா கட்டில்லதான் பெத்தாளாம். புள்ள அழுத சத்தம் கேட்ட பொறகுதான் கூடைக படியை விட்டு எந்திரிச்சுச்சாம்.

அதுலேருந்து அது பேச்சாயி படி. எங்க லயத்துல யாரு பேறுக்குப் போனாலும் கூடப்போறவ ஒரு கொழுந்துக் கூடையைக் கொண்டுபோய் ஆஸ்பத்திரிப் படியில வைப்பா. இப்பப் போறது டவுன் ஆஸ்பத்திரி. கட்டிலுக்குப் பஞ்சமில்ல. ஆனா தோட்டத்து ஆளான்னு கேக்குறாங்க, கேட்டுட்டுக் கடைசியில நிறுத்துறாங்க. கத்தினா வாயை மூடுங்குறாங்க. கத்தலைன்னா வலி வரலைங்குறாங்க. எத்தனை வருசத்துக்குத்தான் நாங்க இந்தக் கூடையைத் தூக்குறது. எனக்கு மூத்தவன் பொறந்தப்பக் கூட…

இந்தா, கீழ் லயத்து ராசம்மா மதினி கூப்பிடுறாங்க. மருமகளுக்கு வலி வந்துருச்சாம், கூடையை எடுத்துக்கிட்டு வரச் சொல்றாங்க. இந்த மாவை மூடி வச்சுட்டு, நான் கெடந்த கதையை வந்து…