இன்டர்நெட் கம்பத்தில் இறங்கிய இடி

மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய நான், ஒற்றை ஆளாக நின்று தீப்பெட்டி ஆபீஸ் கட்டினேன். பாறையை உடைத்துக் கிணறு வெட்டினேன். யாரிடமும் கைகட்டி நின்றதில்லை. இன்று காலை வெம்பக்கோட்டை பஸ்ஸில் என் முன் சீட்டில் பட்டாசுக் கம்பெனி வேலைக்குப் போகும் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள்.

“நம்ம கம்பெனிச் சுவரோரம் கவர்மென்ட் நட்ட இன்டர்நெட் கம்பம் நேத்துத்தான்க்கா முதமுதலா வேலை செஞ்சுது,” என்றாள் இளையவள்.

“ஏன்டி, நான் லீவு போட்ட அன்னைக்கு நெட்டு வந்துருச்சா?”

“நெட்டு எங்க வந்துச்சு? இடிதான் வந்துச்சு. வெடிமருந்து ரூம்ல இருந்து நாங்க வெளிய ஓடி வாரதுக்குள்ள, நேரா கம்பத்து உச்சியில இறங்கிருச்சு. அதுல இருந்த பெட்டி கருகிப்போச்சு. எங்க பக்கம் ஒரு பொறி வரலக்கா.”

“ஆத்தாடி! தெண்டச் செலவுன்னு எம்புட்டு ஏசியிருப்போம்!”

“நானுந்தான் ஏசுனேன். இன்னைக்கு அதைக் கும்பிட்டுட்டுத்தான் உள்ள போவேன். எம்பிள்ளைக்கு ஆத்தா மிஞ்சியிருக்கேன்ல.”

“புதுசு ஒண்ணு கேப்போமா?”

“கேப்போம். நெட்டு வேண்டாம், கம்பம் மட்டும் போதும்னு கேப்போம்.”

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். “யார் செஞ்ச புண்ணியமோ,” என்றாள் மூத்தவள்.

அந்தப் புண்ணியம் யாருடையது என்று இங்கே எழுதுகிறேன். ஊரில் எல்லோரும் இடமில்லையென்று கைவிரித்தபோது, கம்பெனிச் சுவரை ஒட்டிய என் நிலத்தில் அந்தக் கம்பத்துக்குச் சும்மா இடம் கொடுத்தவன் நான். கும்பிடுகிறவர்கள் கம்பத்தில் என் பெயரை எழுதிவிட்டுக் கும்பிடட்டும்.